திங்கட்கிழமை இரவு வரும் நெஞ்சுநோ

கிளிநொச்சி மாவட்டத்தில், தருமபுரம் பக்கம் எங்கள் வீடு. முன்விறாந்தையில் சின்னக் கடை, கணவருக்கு வயல். இதயநோய் என்று தொடங்கி உளநலக் கிளினிக்கில் போய் நின்ற கதையை எழுதுகிறேன். இதே வழியில் கையில் றிப்போட்டுகளோடு அலைகிற பெண்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

நோ இடது மார்புக்குக் கீழே, விலா எலும்புகளுக்கு நடுவில் குத்தும். நெஞ்சு படபடக்கும். மூச்சு அடிவரை இறங்காது. அதனால் இன்னும் வேகமாக இழுப்பேன். விரல்நுனிகளும் வாயைச் சுற்றியும் விறைக்கும். இடது கை விறைத்தால் யாருக்கும் மாரடைப்புத்தான் நினைவுக்கு வரும். முதல் தடவை நள்ளிரவில் 1990க்கு அழைத்து அம்புலன்சில் போனோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இதயத்தசை பழுதானால் இரத்தத்தில் கூடுகிற ட்ரோபோனினையும் பார்த்தார்கள், விடியும்வரை விடுதியில் வைத்திருந்தார்கள். "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள்.

ஒன்றுமில்லை என்றால் நோகிறது எது? அடுத்த கிழமையும் அதே நோ வந்தது. யாழ்ப்பாணத்தில் தனியார் வைத்தியர், தைரொயிட், சீனி, கொழுப்பு, வயிற்றுக்குள் கமரா என்று காசு கரைந்தது. வயிற்று அமிலத்தைக் குறைக்கிற ஒமெப்ரசோல் குளிசை குடித்தேன். மாமி நாவூறு என்று செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். செலவில்லாத வைத்தியம் அது ஒன்றுதான்.

வெளிநோயாளர் பிரிவில் ஓர் இளம் வைத்தியர், பழைய துண்டுகளை எல்லாம் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "எந்தெந்த நாளில் வருகிறது என்று கலண்டரில் குறித்துக்கொண்டு வாருங்கள் அம்மா" என்றார். குறித்தேன். திங்கள் இரவும் செவ்வாய் காலையும்தான் வட்டங்கள் விழுந்தன. செவ்வாய்க்கிழமை காலையில் நுண்கடன் காசு சேர்க்கிறவர் மோட்டார் சைக்கிளில் வருவார். கடைக்குச் சரக்குப் போட எடுத்த குழுக்கடன் அது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றப் பெண்களும் எழும்பிப் போக முடியாது. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அந்த வருடம் சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எங்கள் வயலுக்குக் கிடைக்கவில்லை; கடன் கட்டுவது இன்னும் கஷ்டமானது.

வைத்தியர் உளநலக் கிளினிக்குக்குக் கடிதம் தந்தார். அந்த வாங்கில் இருப்பதை ஊர்க்காரர் கண்டால் என்ன சொல்வார்கள் என்பது எனக்குப் பெரிய பயம். கண்டார்கள்தான். அவர்களும் அதே வாங்கில் நம்பர் துண்டோடு இருந்தபடியால் யாரும் எதுவும் சொல்லவில்லை.

வன்னியில் இப்படியான இடத்துக்குப் போனால் 2009இல் எங்கே இருந்தீர்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும். முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் முகாம் என்றேன். ஷெல் விழுந்த நாட்களிலேயே நோகாத நெஞ்சு, கடன்காரருக்கு நோகுமா என்று நானும் கேட்டேன். அன்றைக்கு ஓடவும் பிள்ளையைத் தூக்கவும் உடம்புக்கு வேலை இருந்தது, இப்போதும் பயத்தில் அதே அதிரினலின் சுரக்கிறது, ஆனால் நீங்கள் பாயில் படுத்திருக்கிறீர்கள் என்றார் உளவளத்துணையாளர். எல்லாவற்றையும் யுத்தத்தின் தலையில் போட்டு, இன்றைய கடனைப் பற்றிக் கேட்காமல் விடுகிறவர்களும் உண்டு, அவர் கேட்டார்.

என்னை நம்பவைத்தது பேச்சு அல்ல. இதயத்தில் பிழை இல்லை என்று கடதாசிகளைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, "அக்கா, கதிரையில் இருந்தபடி ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடுங்கள்" என்றார். நிமிடம் முடிவதற்குள் விரல்நுனி விறைத்தது, உதடு விறைத்தது, தலை சுற்றியது, நெஞ்சு இறுகியது. திங்கள் இரவு வருகிற அத்தனையும் பட்டப்பகலில், மின்விசிறிக்குக் கீழே வந்துவிட்டது. பிறகு நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே என்று மெதுவாக விடச் சொன்னார். விரல்கள் ஒவ்வொன்றாக வழமைக்குத் திரும்பின.

வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்துவிடுகிறது; அதனால்தான் விறைப்பும் தலைச்சுற்றும். குத்துகிற நோ விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் இறுகுவதால் வருவது. அந்த இடத்தை விரலால் அழுத்திக் காட்டினார், அதே நோ. வயிற்று எரிவுக்கும் வயிற்றோட்டத்துக்கும்கூட மூளையும் குடலும் நரம்பால் தொடுத்திருப்பதே காரணம் என்றார். நோ கற்பனை இல்லை, உண்மையான நோதான் என்று முதன்முதலாக ஒருவர் வாயால் கேட்டேன்.

மருந்து, பதற்றத்தைக் குறைக்கிற செர்ட்ராலின் குளிசை, 25 மில்லிகிராமில் தொடங்கி 50. முதல் இரண்டு கிழமையும் குமட்டல், அந்தரம் கொஞ்சம் கூடவே இருந்தது. குணம் தெரிவதற்குச் சில கிழமை எடுக்கும், நித்திரைக் குளிசை மாதிரி அடிமையாக்காது, ஆனால் நினைத்த நேரம் நிறுத்தக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன். இரவுத் தேநீரை விட்டேன், அது குளிசையைவிடக் கஷ்டம்.

கணவரையும் கூட்டிவரச் சொன்னார்கள். கடன் கொப்பியை வைத்துக்கொண்டு மூவருமாகக் கணக்குப் பார்த்தோம். நகையை வங்கியில் அடகு வைத்துக் குழுக்கடனை மூடினோம். வங்கிக்கும் கட்டத்தான் வேண்டும், ஆனால் வங்கி வாசலுக்கு வராது.

என் கதையை வாசித்துவிட்டு நெஞ்சுநோவோடு வீட்டில் படுத்திருக்காதீர்கள். நடக்கும்போது, பாரம் தூக்கும்போது கூடுகிற நோ, தாடைக்கோ கைக்கோ பரவுகிற நோ, குளிர்ந்து வியர்க்கிற நோ என்றால் உடனே 1990. இதயத்தைப் பார்த்த பிறகுதான் மற்றக் கதை. நானும் அப்படித்தான் வந்தேன்; அந்த ஈ.சி.ஜி.க் கடதாசி இல்லாவிட்டால் மூச்சுப் பரிசோதனையே செய்திருக்க மாட்டார்கள்.

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் இன்னும் வயிறு ஒருதடவை பிரளும். மூச்சை எண்ணினால் அடங்கிவிடுகிறது. மருந்தைக் குறைப்பது பற்றி அடுத்த கிளினிக்கில் பேசலாம் என்றிருக்கிறார் வைத்தியர்; அதுவரை 50 மில்லிகிராம்தான்.