கச்சான் காற்றும் ரிசேவ் பரசூட்டும்

ஆகஸ்ட் மாதம் திருகோணமலைக்குப் போகிறவர்கள் நிலாவெளியில் குளிக்கவும் கோணேசரைக் கும்பிடவும் போவார்கள். நான் என் பரசூட்டை ஒருவனிடம் ஒப்படைக்கப் போனேன்.

டுபாயில் வேலை செய்த காலத்தில் அங்குள்ள பாலைவனத் தளத்தில் விமானத்திலிருந்து பரசூட்டோடு குதிக்கப் பழகினேன். ஊர் திரும்பும்போது பாவித்த செட் ஒன்றையும் வாங்கிக்கொண்டு வந்தேன். செட் என்றால் முதுகில் மாட்டுகிற பை, அதற்குள் மெயின் பரசூட், அது சரிவராவிட்டால் விரிக்க ஒரு ரிசேவ். மெயினை நாங்களே மடித்துக்கொள்வோம். ரிசேவை மட்டும் லைசன்ஸ் உள்ள ரிக்கர்தான் பிரித்துப் பார்த்து, மடித்து, சிவப்பு நூல் கட்டி ஈய முத்திரை வைக்க வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி 180 நாளுக்கு ஒருமுறை. 2008 வரை அது 120 நாளாக இருந்தது. நீ குதித்தாயா, அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தாயா என்றெல்லாம் சட்டம் கேட்காது.

நோர்வேயில், பேர்கனில் இருக்கும் என் கூட்டாளி லீவுக்கு உப்புவெளியில் தன் மாமி வீட்டுக்கு வந்திருந்தான். இங்கிருந்து குதிப்பதற்காகத் தாய்லாந்து போகிறான். அங்கே ரிக்கர் இருக்கிறார். என் பையும் அவனோடு போய் முத்திரை வாங்கி வரட்டும் என்று முடிவு. ஒரு மணித்தியால வேலை. ஆனால் மாமி வீட்டில் டொரோண்டோ அண்ணை ஒருவரும் வந்து நின்றார். தொண்ணூறுகளில் குதித்துத் திரிந்து, முழங்கால் போனதோடு நிறுத்தியவர். மூன்று பேர் சேர்ந்தால் கதை எங்கே நிற்கும்? வார இறுதி முழுவதும் அதிலேயே போனது.

பஸ் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஹபரணைக்குப் பிறகு காடு, கந்தளாய்க்குப் பிறகு வெக்கை. பஸ்ஸால் இறங்கியதும் முகத்தில் அடித்தது கச்சான். மேற்கிலிருந்து தரையெல்லாம் காய்ந்து சூடாகி வந்து கடலுக்குள் போகிற காற்று. ஊர்க்காரருக்கு அது உதடு வெடிக்கிற காலம். எங்களுக்கு அது வேறு கணக்கு. விமானத்திலிருந்து கொஞ்சம் பிந்திக் குதித்தாலும் தள்ளிக்கொண்டுபோய் இந்து சமுத்திரத்தில் விட்டுவிடும். மாமி வீட்டு முற்றத்தில் நின்று மூன்று பேரும் தென்னோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். குதிக்க ஒரு விமானமும் இல்லை என்பது வேறு விஷயம்.

“சீனக்குடாவுக்கு மேல இறக்கிவிட்டா உப்புவெளிக்கு வரலாம்” என்றான் கூட்டாளி.

“வரலாம். கீழ ஆர் காத்துக்கொண்டு நிப்பினம் எண்டும் யோசி” என்றார் அண்ணை.

அவர் பகிடியாகத்தான் சொன்னார், ஆனால் அதில் பகிடி குறைவு. சீனக்குடா ஓடுபாதை விமானப்படையின் கையில் இருக்கிறது. அவர்களின் கல்விக்கூடமும் அங்கேதான். இந்தப் பக்கம் துறைமுகம், கடற்படைத் தளம். 2008 ஆகஸ்டில் புலிகளின் சின்ன விமானம் வந்து குண்டு போட்டது அந்தத் தளத்துக்குத்தான். அதற்கும் முன்னால், 1942 ஏப்ரல் 9 அன்று, ஜப்பான்காரன் இதே ஊரின் மேல் குண்டு போட்டான். வானத்திலிருந்து வருகிற எதையும் இந்த ஊர் நல்லதாக நினைத்த சரித்திரம் இல்லை. ஒரு தமிழன் முதுகில் பையோடு மேலிருந்து இறங்குவதற்கு எத்தனை கையெழுத்து வேண்டும் என்று எண்ணத் தொடங்கினோம். பாதுகாப்பு அமைச்சு, சிவில் விமான அதிகாரசபை, விமானப்படை, கடற்படை. அதற்குள் மாமி தேத்தண்ணி கொண்டு வந்தார்.

மாமிக்கு ஒரே சந்தேகம். “குதிக்கிறதுக்கு அவங்கள் காசு தருவாங்களா, நீங்கள் காசு கட்டுறதா?”

நாங்கள்தான் கட்டுகிறோம் என்றதும் அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

கட்டுகிற காசு கொஞ்சநஞ்சம் இல்லை. நல்ல புது செட் ஒன்று முழுதாக எடுத்தால் 10,000 டொலர் வரைக்கும் போகும். 200 ரூபா டொலர் காலத்தில் அது 20 இலட்சம். 2022 மே மாதம், டொலர் 360ஐத் தொட்டபோது 36 இலட்சம். 2025இல் 30 இலட்சத்துக்குப் பக்கத்தில் நின்றது. நைலோன் துணியும் கயிறும் அப்படியே இருக்க, மத்திய வங்கி தடுமாறியதில் அதன் விலை மட்டும் ஏறி இறங்கியது. நோர்வேயில் 25 வீதம் வற் கட்டுகிறேன் என்று கூட்டாளி அலுத்துக்கொண்டான். எங்களுக்கு 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். “அப்ப உங்களுக்கு மலிவுதானே” என்றான். சம்பளத்தையும் சேர்த்துக் கதை மச்சான் என்றேன்.

பின்னேரம் கிண்ணியாவிலிருந்து நானா வந்தார். முச்சக்கர வண்டிக்கு ஹூட்டும் சீற்றும் தைக்கிறவர். பரசூட் மடிக்க நிலத்தில் விரிக்கிற பாய் ஒன்றும், செட்டைக் கொண்டுபோக ஒரு பையும் தைத்துத் தரச்சொல்லிக் கூட்டாளி வரச்சொல்லியிருந்தான். 2009இல் பாலம் திறக்கும்வரை பாதை என்கிற படகில் ஏறிக் கடந்துவர வேண்டிய ஊர் அது. இப்போது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார்.

விறாந்தையில் என் செட்டைத் திறந்து வைத்திருந்தேன். நானா அளவு எடுக்க வந்தவர், அளவுநாடாவைத் தோளில் போட்டுவிட்டு அப்படியே குந்தினார். கால்பட்டியைத் திருப்பி, தையலை நகத்தால் தடவினார். பட்டி இரண்டாக மடிந்து சேரும் இடத்தில் நூல் நான்கு முனையாக மேலும் கீழும் ஓடி, போன வழியிலேயே திரும்பி வந்திருந்தது. “இது சும்மா மெஷின்ல ஓடாது, ஊசி முறிஞ்சிரும்” என்றார். ஒற்றைப் பட்டியே 4,000 பவுண் தாங்கும் என்று அண்ணை விளக்கினார். நானா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அடுத்த தையலுக்குப் போய்விட்டார். மெயின் துணியைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, அதிலுள்ள சின்னச் சின்னக் கட்டங்களைப் பார்த்தார். கிழிந்தால் கிழிசல் ஓடாமல் அந்தக் கட்டத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக நெய்தது. “ரெயின்கோட்ல இந்தக் கட்டம் கண்டிருக்கன். இவ்வளவு நெருக்கமில்ல.”

தோள்பட்டையில் இருக்கும் மூன்று வளையத்தில்தான் அவர் சிக்கிக்கொண்டார். பெரிய வளையத்துக்குள் நடு வளையம், அதற்குள் சின்னது, அதைப் பிடித்திருப்பது ஒரு விரல் நீளக் கயிற்று வளையம், அதற்குள் ஒரு மஞ்சள் கேபிள். முழு ஆளின் பாரமும் பெரிய வளையத்தில் தொங்கும். ஒவ்வொரு வளையமாகப் பாரம் குறைந்து வந்து, கடைசியில் கயிற்றில் நிற்பது கொஞ்சம்தான். கேபிளை இழுத்தால் எல்லாம் ஒரேயடியாகக் கழன்று, சிக்குப்பட்ட மெயின் போய்விடும். பில் பூத் என்ற அமெரிக்கர் எழுபதுகளில் செய்தது. அதற்கு முன் இருந்த கொக்கிகளோடு மல்லுக்கட்டிச் செத்தவர்கள் உண்டு. நானா கேபிளை இழுத்தார், கழற்றினார், திரும்பக் கோர்த்தார், மறுபடி இழுத்தார். மாமி வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு தைக்கத் தெரிஞ்ச பிள்ளைகள் கட்டுநாயக்கா பக்கம் எத்தனை ஆயிரம் இருக்காங்க தம்பி. இத ஏன் இங்க தைக்காங்க இல்ல?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பாய்மரம் தைக்கும் நார்த் செயில்ஸுக்கு இங்கே தொழிற்சாலை இருக்கிறது. கடலில் பலகையில் நின்று பறக்கவிடுகிற பட்டங்களும் இலங்கையில் தைபட்டு ஐரோப்பாவுக்குப் போகின்றன. பரசூட் மட்டும் புளோரிடாவில், டீலேண்ட் என்ற சின்ன ஊரில் குவிந்திருக்கிறது. கனோப்பி, அதாவது விரிகிற துணியைச் செய்யும் பெர்ஃபோமன்ஸ் டிசைன்ஸும், வெக்டர் பை செய்யும் கொம்பனியும் அங்கேதான். அண்ணை சொன்ன காரணம் எனக்குச் சரியாகப் பட்டது. சந்தை மிகச் சின்னது. அமெரிக்கப் பரசூட் சங்கத்தின் அங்கத்தவர்களே 40,000 சொச்சம் பேர். ரிசேவுக்கும், உடம்பில் மாட்டுகிற பட்டியான ஹார்னஸுக்கும் அமெரிக்க அரசின் சான்று எடுக்கக் காலமும் காசும் வேண்டும். யாராவது விழுந்தால் வழக்கு வரும். அதோடு 2025 ஏப்ரலில் ட்ரம்ப் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதம் என்று அறிவித்து, ஆகஸ்டில் 20க்கு இறக்கினார். உடுப்புத் தைக்கிறவனே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பரசூட் தைக்க எவன் முதல் போடுவான்?

இரவு, இடியப்பத்துக்கும் சொதிக்கும் நடுவில், சண்டை சைப்ரஸ் என்கிற கருவிக்கு மாறியது. ஜெர்மனிக்காரர் 1991இல் விற்கத் தொடங்கிய சின்னப் பெட்டி அது. ரிசேவுக்குள் இருந்து உயரத்தையும் வேகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கும். 750 அடிக்குக் கீழேயும் ஒருவன் விழுகிற வேகத்திலேயே வந்துகொண்டிருந்தால், ரிசேவைப் பூட்டி வைத்திருக்கும் கயிற்றைத் தானே அறுத்துவிடும். அதை எல்லாருக்கும் கட்டாயம் ஆக்க வேண்டும் என்பது கூட்டாளியின் கட்சி. நோர்வேயில் குதிப்பு பெரும்பாலும் கழகங்களின் கையில். அங்கத்தவர்கள் கூடி விதி போடுவார்கள், விமானமும் பொதுச்சொத்து மாதிரி. அண்ணைக்கு அது பிடிக்காது. மாணவனுக்குக் கட்டாயம், சரி. பழகினவன் தன் உயிரைத் தானே பார்த்துக்கொள்வான் என்பார். அமெரிக்கச் சங்கமும் ஏறக்குறைய அப்படித்தான் வைத்திருக்கிறது.

“உங்கட நோர்வேயிலயும் ட்ரோல் சுவர் எண்ட மலையில இருந்து குதிக்கிறதை 1986இல தடை செய்தவங்கள்தானே. சுதந்திரம் எங்க?” என்று மடக்கினார்.

“எங்கட ஷெராக் மலையில ஆயிரம் மீற்றர் இருக்கு, போய்க் குதியுங்கோ அண்ணை, ஒருத்தரும் மறிக்க மாட்டினம்” என்றான் இவன்.

2023இல் அமெரிக்காவில் 36.5 இலட்சம் குதிப்பில் இறந்தவர்கள் 10 பேர். எழுபதுகளில் வருடத்துக்கு 40க்கு மேல் போன எண்ணிக்கை. பெட்டி வந்ததும் இதற்கு ஒரு காரணம் என்று நான் சொன்னேன். அண்ணை விடவில்லை. இப்போது சாகிறவர்களில் பலர் நன்றாக விரிந்த பரசூட்டின் கீழேதான், தரைக்குப் பக்கத்தில் வேகமாகத் திருப்பப் போய்ச் சாகிறார்கள். பெட்டி அதற்கு என்ன செய்யும் என்றார். அதுவும் உண்மை. இருந்தாலும் நான் நோர்வேக் கட்சி. கட்டாயம் என்றால்தான் வாங்குவோம். இல்லாவிட்டால் 1,200 டொலருக்கு மேல் போகிற சாமானை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடுவோம். இப்போது வருகிற சைப்ரஸுக்கு 15.5 ஆண்டு ஆயுள். அதன்பின் வேலை செய்தாலும் வீசத்தான் வேண்டும். பாவித்த செட் வாங்குகிறவன் துணியைத் தடவிப் பார்ப்பதற்கு முன் அந்தத் திகதியைப் பார்க்க வேண்டும்.

அடுத்த நாள் காலை பிரெட்ரிக் கோட்டை வழியாகக் கோணேசர் கோயிலுக்குப் போனோம். வழியில் மான் ஒன்று அண்ணையின் அர்ச்சனைத் தட்டுக்குள் வாயை விட்டது. சனம் இராவணன் வெட்டை எட்டிப் பார்த்துக் கும்பிட்டது. கூட்டாளி மட்டும் உயரத்தை அளந்தான். கடலுக்கு 400 அடிக்குக் கிட்ட வரும். சைப்ரஸ் வேலை செய்கிற உயரத்துக்கும் கீழே. “இதில ரிசேவே தேவையில்லை, நேரமில்லை” என்றான். பக்கத்தில் நின்ற ஐயா ஒருவர் எங்களை ஒருமாதிரிப் பார்த்தார்.

மேலேயிருந்து துறைமுகம் தெரிகிறபோது அரசியல் வராமல் இருக்குமா? 2022 மே மாதம், பிரதமர் பதவியை விட்ட கையோடு, மகிந்த ராஜபக்ச குடும்பத்தோடு வந்து ஒதுங்கியது இந்தக் கடற்படைத் தளத்தில்தான். வாசலில் சனம் கூடிவிட்டது. “மெயின் கிழிஞ்ச உடன ரிசேவ் இழுத்தவர்” என்றார் அண்ணை. தம்பி கோட்டாபயவுக்கு ரிசேவ் நாட்டுக்கு வெளியே இருந்தது. 2024இல் அநுரவின் ஆட்கள் திருகோணமலையிலும் முதலாவதாக வந்தார்கள். அவர்கள் வானத்தைத் திறப்பார்களா என்று கேட்டான் கூட்டாளி. முதலில் காணியைத் திறக்கட்டும் என்றேன்.

சீனக்குடாப் பக்கம் போகும்போது காட்டுக்குள் எண்ணெய்க் குதங்கள் தெரிந்தன. வெள்ளைக்காரன் கட்டியதில் இப்போது 99. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 இந்தியன் ஒயிலின் லங்கா கொம்பனிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கொம்பனிக்கு. கையெழுத்து வைத்துச் சில மாதத்தில் நாட்டில் பெற்றோல் வரிசை. 2025 ஏப்ரலில் அமீரகமும் சேர்ந்துகொண்டது. நான் சம்பாதித்த டுபாய்க் காசு செட்டாக வந்தது. அவர்களின் காசு குதமாக வரப்போகிறது.

அந்த நேரம் சினமன் எயாரின் காரவன் ஒன்று இறங்கியது. உலகத்தில் பல தளங்களில் குதிக்கிறவர்களை ஏற்றுவது அதே செஸ்னா காரவன்தான். மூன்று பேரும் அதன் கதவைத்தான் பார்த்தோம். வேலியோரம் நின்ற முச்சக்கர வண்டிக்காரர், 2025 மார்ச்சில் இங்கிருந்து கிளம்பிய கே-8 பயிற்சி விமானம் வாரியபொலவில் விழுந்ததையும், விமானிகள் இருவரும் பரசூட்டில் இறங்கித் தப்பியதையும் சொன்னார். 2023 ஆகஸ்டில் பிடி-6 பயிற்சி விமானம் இங்கேயே விழுந்தபோது இருந்த இருவரும் தப்பவில்லை; ஏறிய கையோடு விழுந்தது. உயரம் இல்லையென்றால் பரசூட் வெறும் மூட்டை என்பது அவருக்கு நாங்கள் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

திரும்பி வந்தபோது நானா கணக்கோடு காத்திருந்தார். பாய்க்கும் பைக்கும் சேர்த்து 9,500 ரூபா, சிப் நல்லதாகப் போட்டுத் தருவாராம். பட்டி வெட்டுத்துண்டு ஏதாவது இருந்தால் தரச்சொன்னார். கல்முனையில் பெரிய மெஷின் வைத்திருக்கும் ஒருவரிடம் காட்ட வேண்டுமாம். தாய்லாந்து ரிக்கரிடம் கேட்டு வாங்கி வருவதாகக் கூட்டாளி ஒப்புக்கொண்டான். அப்புறம் விலை குறைக்கப் பார்த்தான்.

“நோர்வேயில உழைக்கிறீங்க மகன்” என்றார் நானா. “பாதிய இப்பவே தாங்க.”