ஜனவரியும் ஒரு தலையணை உறையும்

ஜனவரி 2

இந்த மாதம் எதையும் இழுத்துப் போட்டுக்கொள்வதில்லை என்று முடிவு. சாயங்காலம் ஆனால் ஜன்னலோர நாற்காலி, காலுக்குப் போர்வை, மடியில் தையல் பெட்டி. டிசம்பர் முழுக்க யார் யாருக்கோ கொடுக்க வேண்டுமென்று தேதி பார்த்துத் தைத்தேன். ஊசி கையில் இருந்தது, தைக்கிற சுகம் இல்லை. இனி தைப்பது என் வீட்டுக்கு.

ஜனவரி 4

அலமாரியைக் குடைந்தபோது, அம்மா சின்ன வயதில் பூ போட்ட தலையணை உறை கிடைத்தது. ஓரம் முழுக்கச் சங்கிலித் தையலில் ஒரு கொடி. ஒரு மூலையில் மட்டும் கொடி பாதியைக் காணோம். துணி நன்றாகத்தான் இருக்கிறது, ஊசி இறங்கிய துளைகள்கூட வரிசையாகத் தெரிகின்றன. சங்கிலித் தையலில் ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணிதான் பிடித்திருக்கிறது. கடைசிக் கண்ணியைப் பிடித்திருப்பது ஒரேயொரு குட்டித் தையல். அது அறுந்துவிட்டால் நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று வந்துவிடும்.

இன்னும் நிற்கிற கண்ணிக்கு மேல் ஒரு தையல் போட்டு நிறுத்தினேன். இன்றைக்கு அது போதும்.

ஜனவரி 5

தைக்கவில்லை. போர்வைக்குள்ளேயே கிடந்தேன். ரொம்ப நன்றாக இருந்தது.

ஜனவரி 9

உறையை உட்புறம் திருப்பியதும் அசந்துபோனேன். முன்பக்கக் கொடி வெளிறிய பாசி நிறம். பின்பக்கம் அதே நூல் அடர் பச்சையாக, நேற்று தைத்தது மாதிரி. வெளிச்சம் படாத பக்கம் அப்படியே இருந்திருக்கிறது. இப்போது எந்தப் பச்சையில் தைப்பது? விளக்கடியில் பார்த்தால் என்னிடமுள்ள பச்சைகள் எல்லாம் ஒன்றுபோல் தெரிகின்றன. நிறம் பார்க்கப் பகல் வெளிச்சம்தான் வேண்டும்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். "முன்பக்கத்தைப் பார்க்காதேடி, உள்ளே இருக்கிற பச்சையையே போடு. அதுவும் வெளுத்து வந்து சேர்ந்துக்கும்" என்றாள்.

ஜனவரி 10

காலை வெளிச்சத்தில் நூல் தேர்ந்தாயிற்று. சாயம் விடுமோ என்று, நனைத்த வெள்ளைத் துணியில் நூலை வைத்து அழுத்திப் பார்த்தேன். விடவில்லை.

கண்டு நூலில் 6 இழைகள் முறுக்கி இருக்கும். இரண்டு இழை வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்துப் பிடுங்கக் கூடாது. ஒவ்வொன்றாக நேரே மேலே உருவி, பிறகு சேர்த்துக்கொண்டால் சிக்கு விழாது. நூலின் நீளம் 45 செ.மீ. போதும். பேராசைப்பட்டு நீளமாக வெட்டினால், துணிக்குள் நூறு தடவை நுழைந்து நுழைந்து நூல் பஞ்சாகிப் பளபளப்புப் போய்விடும்.

ஜனவரி 16

பழைய துளைகளிலேயே ஊசியை இறக்கித் தைக்கிறேன். முதல் நாள் என் போக்கில் ஒரே அளவாகக் கண்ணி போட்டேன். கொடி வளைவில் மூலை மூலையாக உடைந்தது. பிரித்தேன். அம்மாவின் துளைகளை அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன்: நேராகப் போகிற இடத்தில் கண்ணி நீளம், வளைவு வர வரக் குட்டிக் குட்டியாக நெருங்குகிறது, வளைவு தாண்டியதும் மறுபடி நீள்கிறது. அப்படிப் போனால்தான் கொடி முறியாமல் திரும்பும். இதை அவள் எனக்குச் சொல்லித் தந்ததில்லை, துளைகள் சொல்லித் தந்தன. ஊசி ஊசியாக அந்த வளைவுக்கே ஒரு முழு சாயங்காலம் போனது. எழுந்திருக்கவே மனசில்லை.

நூல் முறுக்கிக்கொண்டபோதெல்லாம் ஊசியைத் தொங்கவிட்டேன். அதுவே சுற்றிச் சுற்றி முறுக்கை அவிழ்த்துக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதும் இந்த மாதத்துச் சுகங்களில் ஒன்று.

ஜனவரி 20

ஆறு கண்ணிதான். துணியை விறைப்பாகப் பிடித்திருக்கும் தையல் வளையத்தை மறக்காமல் கழற்றி வைத்தேன். இறுக்கியபடியே விட்டால் துணியில் வட்டத் தடம் விழும்.

ஜனவரி 27

கொடி மூலைக்கு வந்து சேர்ந்தது. கடைசிக் கண்ணிக்கு மட்டும் குட்டித் தையல் இரண்டு போட்டேன்.

குளிர்ந்த தண்ணீரில் அலசினேன். பூத்தையல் துணியை எப்போதும் நிழலில்தான் காயப்போடுவேன். இதையும் ஜன்னலோரம் மடித்துப் போட்டு, மேலே ஒரு துண்டை மூடினேன். புதுப் பச்சை மூலை மட்டும் வெயிலைப் பார்த்தபடி வெளியே இருக்கிறது.