திராட்சைச் சரிவுகளில் சைக்கிள்: போன் நகரிலிருந்து மாக்கோன் வரை

ஜூன் 3, 2025, செவ்வாய். போன் நகரம்

பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்துக்குச் சைக்கிளோடு வருபவர்கள் வரைபடத்தைப் பார்த்ததும் டி974 சாலையைப் பிடித்துவிடுகிறார்கள். நேரான சாலைதான். ஆனால் லாரிகளும் அதில்தான் ஓடுகின்றன. அதை விட்டுவிட்டுத் தெற்கே மாக்கோன் வரை போக மூன்று வழிகள் ஒன்றோடொன்று தொடுத்துக் கிடக்கின்றன: திராட்சைத் தோட்டச் சந்து, கால்வாய்க் கரை, தண்டவாளம் பெயர்த்த பழைய ரயில் பாதை. மூன்றிலும் கார் தொல்லை அநேகமாக இல்லை. ஆனால் ஒவ்வொன்றின் தரையும் வேறு, அதில் நடந்துகொள்ளும் முறையும் வேறு.

திசையும் முக்கியம். ஸோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் ‘பீஸ்’ என்ற வடகாற்று அடிக்கும். வடக்கிலிருந்து தெற்கே போனால் அது முதுகில் தள்ளும். எதிர்த்துப் போனால் சமதளமும் மேடாகிவிடும்.

வண்டியைத் தயார் செய்ய இன்று ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். டயர் 32 முதல் 38 மி.மீ. அகலம் இருக்கட்டும். 75 கிலோ ஆளும் 12 கிலோ சுமையும் 35 மி.மீ. டயரும் என்றால், முன்சக்கரத்துக்கு 45 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), பின்சக்கரத்துக்கு 55 பிஎஸ்ஐ சரியாக இருக்கும். 80 வரை அடித்துவிட்டால் சரளைக்கல்லில் வண்டி துள்ளும், கை மரத்துப்போகும். 30-க்குக் கீழே இறக்கினால் கல் சக்கர விளிம்பில் இடித்து டியூபில் பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டைகள் விழும். கனமான சாமானைப் பக்கப் பைகளின் அடியில் வையுங்கள். பெடலைச் சுற்றிப் பார்த்து, குதிகால் பையில் இடிக்கிறதா என்று கவனியுங்கள். இடித்தால் பையைப் பின்னால் நகர்த்துங்கள். கேரியர் போல்ட்டுகள் அதிர்விலேயே கழன்றுவரும், தினமும் காலையில் ஒருமுறை முடுக்கிவிட வேண்டும்.

ஜூன் 4, புதன். போன் – சாந்தனே, சுமார் 22 கி.மீ.

தோட்டச் சந்து நகரின் மேற்கே, பூசேஸ் பூங்காவின் பக்கத்தில் தொடங்குகிறது. பொமார், வொல்னே, மெர்சோ, புலினி-மொன்ராஷே, ஷசான்-மொன்ராஷே, சாந்தனே என்று ஊர்கள் வரிசையாக வரும். 22 கிலோமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். வொல்னேயை ஒட்டிய மேடுகள் சிறியவைதான், ஆனால் செங்குத்து. முன்பல்சக்கரமும் பின்பல்சக்கரமும் ஒரே அளவாக (34-34 பல்) இருந்தால் சுமையோடும் உட்கார்ந்தபடியே ஏறலாம்.

இந்தச் சந்து முதலில் திராட்சை வேலைக்கானது, சைக்கிளுக்கு அடுத்த இடம்தான். வரிசைகளுக்கிடையே இடைவெளி சுமார் ஒரு மீட்டர், ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கொடி. அதனால் இங்கே டிராக்டர் வரிசைக்குள் போவதில்லை. உயர்ந்த கால்களோடு கொடிக்கு மேலே கவட்டை விரித்து நடக்கும். திருப்பத்தில் அது எதிர்ப்பட்டால் இறங்கி ஓரம் நின்று வழி விடுங்கள். ஓட்டுநர் மேலே உட்கார்ந்திருப்பதால் சக்கரத்தை ஒட்டி நிற்கும் சைக்கிள் அவர் கண்ணில் படாது.

மருந்து தெளிப்பு பெரும்பாலும் காற்று அடங்கிய விடியற்காலையில் நடக்கும். மணிக்கு 19 கி.மீ.க்கு மேல் காற்று வீசினால் தெளிக்கச் சட்டம் இடம் தராது. புகைபோல மேகம் தெரிந்தால் காற்று வரும் பக்கமாகப் போய் நின்று, டிராக்டர் அடுத்த வரிசைக்குத் திரும்பும்வரை பொறுங்கள். ஒன்பது மணிக்குமேல் கிளம்பினால் இந்தத் தொந்தரவு குறையும்.

ஜூன் தொடக்கத்தில்தான் கொடி பூக்கிறது. நின்று ஒரு கொத்தைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும், தொடவேண்டாம். ஐந்து இதழ்களும் நுனியில் ஒட்டி ஒரு பச்சைத் தொப்பியாக இருக்கும். மலரும்போது அந்தத் தொப்பி அடியில் பிய்ந்து, உள்ளிருக்கும் ஐந்து மகரந்தத் தாள்களும் நிமிர, மேலெழுந்து உதிரும். மிகச் சிறிய பூ. மழையும் குளிரும் நீடித்தால் தொப்பி கழலாமல் ஒட்டிக்கொள்ளும், மகரந்தம் சேராது, பிஞ்சு உதிர்ந்துவிடும். பூத்ததிலிருந்து அறுவடைக்குச் சுமார் நூறு நாள் என்பது இங்குள்ளவர்களின் கணக்கு.

பொமார், வொல்னே என்ற பெயர்களில் சிவப்பு ஒயின் மட்டும்தான், பினோ நுவார் திராட்சையிலிருந்து. மெர்சோ வந்ததும் ஷார்டொனே திராட்சையும் வெள்ளை ஒயினும் ஆட்சிக்கு வரும். மொன்ராஷே தோட்டம் எட்டு ஹெக்டேர் அளவுதான். புலினிக்கும் ஷசானுக்கும் நடுவே இரண்டு ஊர் எல்லையிலும் விழுகிறது. சரிவின் நடுப்பட்டையில் இருப்பதே அதன் சிறப்பு: மேலே மண் மெல்லியது, கீழே ஈரமும் கனமும் கூடியது, நடுவில் நீர் வடிகால் சரியாக அமையும். சைக்கிளில் போகும்போது இந்த மூன்று பட்டைகளையும் கால்களே சொல்லிவிடும். இந்தப் பிரிவினைகளுக்காகத்தான் 2015-இல் யுனெஸ்கோ இந்தச் சரிவுகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கல்சுவர்களில் சைக்கிளைச் சாய்க்காதீர்கள். சுண்ணாம்பு பூசாமல் அடுக்கிய சுவர்கள் அவை, ஒரு கல் சரிந்தால் பக்கத்துக் கல்லும் சரியும்.

ஒயின் சுவைக்க நிலவறைக்குப் போவதென்றால் பெரும்பாலான இடங்களில் முன்கூட்டியே நேரம் கேட்டு வைக்க வேண்டும். சைக்கிள்காரருக்கும் ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம்தான். துப்பும் பாத்திரம் வைத்திருப்பார்கள், தயங்காமல் பயன்படுத்துங்கள். புட்டி வாங்கிப் பையில் சுமப்பது வேண்டாம். ஒரு புட்டி 1.2 முதல் 1.5 கிலோ வரை இருக்கும், வெயிலில் காயும் பைக்குள் நல்ல ஒயினும் கெட்டுப்போகும். விற்பவரிடமே கூரியரில் அனுப்பச் சொல்லலாம்.

ஜூன் 5, வியாழன். சாந்தனே – ஷாலோன்

சாந்தனேயிலிருந்து ஷான்யி வரை சிறு தூரம், அங்கிருந்து சாந்த்ர் கால்வாய்க் கரையைப் பிடித்து ஷாலோன். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸோன் ஆற்றையும் லுவார் ஆற்றையும் இணைக்க வெட்டிய கால்வாய் இது. ஷாலோனை நோக்கி மடை மடையாக (படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவுகள்) இறங்குவதால் மேடு என்று ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மடையருகிலும் மட்டும் ஒரு சிறு சரிவு. அதில் வேகத்தைக் குறையுங்கள், கீழே படகுக்காரர் கயிறு இழுத்துக் கட்டியிருக்கலாம்.

இங்கே தொல்லை தருவது மரவேர். தார் உப்பி விரிசல் விட்டிருக்கும், நிழலில் தெரியாது. கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, இருக்கையிலிருந்து அரையடி எழுந்து கடந்தால் சக்கர விளிம்பும் முதுகும் தப்பும்.

ஜூன் 6, வெள்ளி. ஷாலோன் – கோர்மத்தான்

இனி ரயில் பாதை. ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் நடுவே 44 கி.மீ. நீளமுள்ள இந்தப் பகுதி 1997-இல் திறக்கப்பட்டது. பிரான்ஸின் முதல் ‘வுவா வேர்த்’ இதுதான், பசுமைப் பாதை என்று சொல்லலாம். ஷாலோன், ஜிவ்ரி, புஸ்ஸி, சான் ஜாங்கூ, கோர்மத்தான் என்று போகும். நீராவி என்ஜினுக்காக அமைத்த ஏற்றம் என்பதால் எங்கும் மூச்சு வாங்காது. குழந்தைகளோடு வருபவர்களுக்கு இதைவிட நல்ல பாதையைச் சொல்லத் தெரியவில்லை. 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம்.

கவனிக்க வேண்டியது சாலைக் குறுக்கீடுகள். பாதை சாலையைத் தொடும் இடங்களில் வண்டிகளைத் தடுக்க மரத்தடுப்பு வைத்திருக்கிறார்கள். அகலமான பக்கப் பையும் இழுவண்டியும் அதில் சிக்கும். முன்சக்கரத்தை நடுவில் விட்டு, நடந்து தள்ளிக் கடப்பதுதான் சரி. வழி விட வேண்டியது நாம்தான், காருக்கு அந்தக் கடமை பெரும்பாலும் இல்லை. காதில் இயர்போன் வேண்டாம், பிடித்தால் 135 யூரோ அபராதம்.

வேலியைக் கத்தரித்த பிறகு முட்கள் பாதையில் சிதறிக்கிடக்கும், பஞ்சர் பெரும்பாலும் அதனால்தான். டியூபை மாற்றுமுன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி முள்ளைக் கண்டெடுங்கள். நுனி உள்ளேயே இருந்தால் புது டியூபும் பத்து நிமிடம்தான் தாங்கும். டியூபில் ஓட்டை எங்கே என்று பார்த்து, வால்விலிருந்து அதே தூரத்தில் டயரைத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். இரண்டு மாற்று டியூப், ஒட்டுத்துண்டு, இரண்டு லீவர், பம்ப் போதும். வால்வு மெலிந்த பிரெஸ்டா வகையா, கார் வகையா என்று பார்த்து அதற்கேற்ற டியூப் வாங்குங்கள்.

மழை பெய்தால் சுண்ணாம்புக் கல் தூள் வெள்ளைக் குழம்பாகி விளிம்பு பிரேக்கில் ஒட்டும். அரைக்கும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி ரப்பரைத் துடையுங்கள். அப்படியே ஓட்டினால் விளிம்பு தேயும்.

ஜூன் 7, சனி. கோர்மத்தான் – க்ளூனி

தூரம் குறைவு. தைசே வழியில் பாதையில் கூட்டம். சகோதரர் ரோஜர் 1940-இல் தொடங்கிய அந்தக் கிறிஸ்தவத் துறவியர் சமூகத்துக்கு பெந்தெகொஸ்தே திருநாள் வாரக்கடைசியில் இளைஞர்கள் நிறையவே வருவார்கள், பலர் நடந்தே. தூரத்திலேயே மணி அடித்து, மெதுவாகப் போங்கள்.

சனிக்கிழமை காலை க்ளூனியில் சந்தை. மாக்கோனே ஆட்டுப் பாலாடைக்கட்டி, ரொட்டி, செர்ரி இரண்டு நாளைக்கு வாங்கி வைக்க வேண்டும். நாளை ஞாயிறு, மறுநாள் திங்களும் அரசு விடுமுறை. சிற்றூர்களில் மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று வரை கடையே திறக்காது.

910-இல் நிறுவிய மடத்தில், 1088-இல் தொடங்கிய பெரிய தேவாலயத்தின் நீளம் சுமார் 187 மீட்டர். ரோமில் புனித பேதுரு ஆலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகிலேயே பெரியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு விற்கப்பட்டு, கல் கல்லாக எடுத்துப் போனார்கள். மிச்சம் நிற்கும் ஒரு சிறகை அண்ணாந்து பார்த்தாலே முழு அளவு புரியும்.

ஜூன் 8, ஞாயிறு. க்ளூனி – மாக்கோன்

புவா க்ளேர் சுரங்கம் 1.6 கி.மீ. குளிர்காலத்தில் வௌவால்களுக்காக மூடிவிடுவார்கள். அப்போது மேலே கணவாய் வழியாக ஏறிப் போக வேண்டும், சுமையோடு அது நல்ல ஏற்றம். இப்போது திறந்திருக்கிறது, உள்ளே விளக்கும் உண்டு. வாயிலில் நின்று இதைச் செய்யுங்கள்: வெயிலில் கறுக்கும் கண்ணாடியைக் கழற்றுங்கள் (உள்ளே போன பிறகும் சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும்), முன்பின் விளக்குகளைப் போடுங்கள், மேற்சட்டை அணியுங்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே நல்ல குளிர். வலப்பக்கமாக, பேசாமல், நடை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகப் போங்கள். தரை ஈரம், பிரேக் திடீரென்று பிடிக்கக் கூடாது.

வெளியே வந்ததும் இறக்கம். பெர்சே, ப்ரிசே, ஷார்னே. தென்மேற்கே 493 மீட்டர் உயர சோலூத்ரே பாறை தலைதூக்கி நிற்கும். அதன் அடியில்தான் புய்யி-ஃபுய்ஸே வெள்ளை ஒயினின் தோட்டங்கள். இந்த இறக்கத்தில் சும்மா உருளவே ஆசை வரும். எதிரே குடும்பங்கள் ஏறி வருகின்றன, கை பிரேக்கில் இருக்கட்டும்.

குடிநீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், அங்கே குழாய் இருக்கும். குடிக்கத் தகாதது என்ற பலகை இல்லையா என்று பார்த்துப் பிடியுங்கள்.

ஜூன் 9, திங்கள். மாக்கோன்

வட்டார ரயிலில் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் இடம் குறைவு, விடுமுறை மாலையில் நிரம்பிவிடும். காலை வண்டியைப் பிடிப்பது உத்தமம். பெட்டி வாசலில் சைக்கிள் படம் இருக்கும் இடத்தில் நில்லுங்கள். ரயில் வருமுன்பே பைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டால், வண்டியைத் தூக்கிக் கொக்கியில் மாட்டச் சில நொடிகள்தான். மாக்கோன்-லோஷே நிலையத்திலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயிலைப் பிடிப்பவர்கள் சக்கரங்களைக் கழற்றி 130 x 90 செ.மீ. பைக்குள் அடக்கினால் சைக்கிள் சாமானாகவே கணக்காகும். பெடலையும் கழற்றுங்கள், இடது பெடலின் திருகு எதிர்த்திசையில் கழலும்.