வாட்ச் முதலீடா? முதலில் விற்றுப் பாருங்கள்

நல்ல வாட்ச் ஒன்றை நானே காசு கொடுத்துக் கெடுத்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அறுபதுகளில் செய்த, கையால் சாவி கொடுக்கும் ஸ்டீல் வாட்ச். செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். டயல் லேசாகப் பழுப்பேறியிருந்தது, கேஸில், அதாவது வெளிக்கூட்டில், அங்கங்கே கீறல். பார்க்கச் சகிக்காமல் ஒரு ரிப்பேர்காரரிடம் கொடுத்து "புதுசு மாதிரி பண்ணிக் கொடுங்க" என்றேன். அவர் மேல் தப்பே இல்லை, சொன்னதைச் செய்தார். டயலுக்குப் புது பெயின்ட், கேஸுக்குப் பாலிஷ், முள்ளும் புதுசு. பளபளவென்று வந்தது. நானும் ஒரு மாசம் எல்லாரிடமும் கையை நீட்டி நீட்டிக் காட்டினேன்.

ரெண்டு வருஷம் கழித்து விற்கப் போனால், வாங்க வந்தவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிப் பத்தே நொடி பார்த்தார். "டயலை மறுபடி எழுதியிருக்காங்க" என்றார். எனக்கும் காட்டினார். கம்பெனிப் பெயரின் எழுத்துகள் கொஞ்சம் தடித்து, ஓரத்தில் மை கசிந்த மாதிரி இருந்தன. நிமிடக் கோடுகளில் ரெண்டு மூன்று, பக்கத்துக் கோடுகளோடு ஒரே அளவில் இல்லை. அப்புறம் வாரை மாட்டும் கொம்புகளைக் காட்டினார். மேல்பக்கமும் பக்கவாட்டும் சேரும் இடத்தில் கத்தி மாதிரி ஒரு விளிம்பு இருக்க வேண்டுமாம், என்னுடையதில் அது பாதி கரைந்த சோப்பு மாதிரி வழிந்து கிடந்தது. வாங்கிய விலையில் பாதிகூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வெள்ளையடித்தால் விலை ஏறும், காரைக் கழுவித் துடைத்தால் கூடக் கொஞ்சம் கேட்கலாம். பழைய வாட்சில் இது அப்படியே தலைகீழ். கை படாமல் இருந்தால்தான் மதிப்பு. பழைய முள்ளிலும் டயல் புள்ளிகளிலும் இருட்டில் ஒளிர ட்ரிடியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பூசியிருப்பார்கள், அதன் வீரியம் சுமார் 12 வருஷத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறையும். ஆக, எழுபதுகளின் வாட்ச் ஒன்று இன்றைக்கு இருட்டில் ஜொலித்தால் சந்தோஷப்படாதீர்கள், யாரோ புதுசாகப் பூசியிருக்கிறார்கள். புள்ளிகள் மங்கி முள் மட்டும் ஒளிர்ந்தால் முள் மட்டும் மாறியிருக்கிறது. இதெல்லாம் பணத்தைத் தொலைத்த பிறகு படித்த பாடம்.

"வாட்ச் வாங்கிப் போட்டா தங்கம் மாதிரி" என்று பேசுகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒரே கதையைத்தான். 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில், நடிகர் பால் நியூமேன் கட்டியிருந்த ரோலக்ஸ் டேடோனா 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. உண்மைதான். ஆனால் கார் பந்தயத்துக்குப் போகிற கணவருக்கு மனைவி வாங்கிக் கொடுத்து, பின்பக்கம் 'கவனமாக ஓட்டு' என்று பொறித்த வாட்ச் அது. விலை அந்த மனுஷனுக்கு, இரும்புக்கு இல்லை. இன்னொரு வேடிக்கை, இன்றைக்கு அவர் பெயரால் அழைக்கப்படும் அந்த வகை டயல்கள் வந்த புதிதில் கடைகளில் சீந்துவாரில்லாமல் கிடந்தவை. அன்றைக்கு முதலீடு என்று கணக்குப் போட்ட எவனும் அதைத் தொட்டிருக்க மாட்டான்.

கொரோனா காலத்தில் நடந்ததைப் பலரும் மறந்துவிட்டார்கள். சுவிஸ் வாட்ச் கம்பெனியான பாடெக் ஃபிலிப்பின் நாட்டிலஸ் 5711, 2006-இல் வந்த மாடல். 2021 தொடக்கத்தில் அதை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் விலை கன்னாபின்னாவென்று ஏறியது. அந்த டிசம்பரில், டிஃபனி என்ற அமெரிக்க நகைக்கடையின் அடையாளமான நீல நிறத்தில் டயல் வைத்த ஒன்று ஏலத்தில் 65 லட்சம் டாலரைத் தொட்டது. அதைப் பார்த்து, கடன் வாங்கியெல்லாம் உள்ளே குதித்தவர்கள் உண்டு. 2022-இன் முதல் சில மாதங்களோடு உச்சம் முடிந்து, கிரிப்டோ சரிந்த அதே சமயத்தில் இதுவும் சரிய ஆரம்பித்தது. வாட்ச் அதே வாட்ச்தான், வாங்க நின்ற கூட்டத்தைத்தான் காணோம்.

சரி, வெளியில் கூடுதல் விலைக்குப் போகும் மாடல் கடை விலைக்கே கிடைத்தால் லாபம்தானே என்பீர்கள். லாபம்தான், கிடைத்தால். எல்லாரும் கேட்கிற நாலைந்து மாடல்களைக் கடைக்காரர் முன்பின் தெரியாதவருக்கு எடுத்துக் கொடுக்க மாட்டார். பெயரை எழுதிவைத்துக் காத்திருக்க வேண்டும், பல இடங்களில் அதற்குள் வேறு ரெண்டு மூன்று சாமான் வாங்கி 'நல்ல வாடிக்கையாளர்' ஆக வேண்டும். அந்த ரெண்டு மூன்றும் கடை வாசலைத் தாண்டியதுமே விலை இறங்கும் ரகம். இங்கே வரும் லாபம் அங்கே போய்விடும். விலை உயர்ந்த வாட்ச்களில் பெரும்பாலானவை அந்த இறங்கும் ரகம்தான் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அப்புறம் விற்கும் கூலி. 100 கொடுத்து வாங்கியதை வியாபாரி 80-க்கு எடுப்பார் என்று வையுங்கள், அவரும் பிழைக்க வேண்டுமே. சந்தை விலை 125 ஆனால்தான் போட்ட காசே கைக்கு வரும். நடுவில் சர்வீஸ், இன்ஷூரன்ஸ், லாக்கர் வாடகை. வட்டியோ டிவிடெண்டோ கிடையாது. அவசரத்துக்கு விற்றால் அடிமாட்டு விலை.

போலி பயம் தனி. 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் ஒரு பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது யார் தெரியுமா? ஒமேகாவே, தன் மியூசியத்துக்கு. 2023-இல் அதே கம்பெனி, அது வெவ்வேறு வாட்ச்களின் பாகங்களைக் கோத்துச் செய்தது என்று அறிவித்தது. செய்த கம்பெனிக்கே இந்த நிலை என்றால் நீங்களும் நானும் எம்மாத்திரம்!

இவ்வளவுக்கும் பிறகும் வாங்கத்தான் போகிறேன் என்றால் பெட்டி, பில், கேரண்டி அட்டை எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது "பாலிஷ் வேண்டாம்" என்று எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னால் போதாது. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

போன மாசம் நண்பன் ஒருவன் சேமிப்பில் பாதியைக் காட்டி எந்த மாடல் வாங்கலாம் என்று கேட்டான். நான் மாடல் சொல்லவில்லை. செகண்ட் ஹேண்ட் வியாபாரி ஒருவரிடம் போய், நீ வாங்க நினைக்கிற அதே வாட்ச் உன் கையில் இருப்பதாகச் சொல்லி, என்ன விலைக்கு எடுப்பார் என்று மட்டும் கேட்டுவிட்டு வா என்றேன். போய்க் கேட்டான். சாயங்காலம் போன் பண்ணி, "டேய், பாதி வருஷச் சம்பளம் வாசல்லயே போயிடும் போலிருக்கே" என்றான். ஒரு வாரம் சத்தமே இல்லை. அப்புறம் அதே வரிசையில் அதைவிடச் சின்னதாக, பாதி விலைக்கும் கீழே ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு வந்தான். இன்வெஸ்ட்மென்டா என்று கேட்டேன். "போடா, செலவு" என்று சொல்லி முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டான்.