கூட்டத்தை விட்டுத் தனியே

எங்கள் மூத்த மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அது எங்களுக்கு உறைத்தது ஒரு கிறிஸ்துமஸ் விடியற்காலையில். நாலு மணி ஆராதனை முடிந்து சனம் வெளியே வர, வாலிபப் பையன்கள் கோயில் வாசலில் ஒரு பெரிய சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். தெருவில் இருந்த கைப்பிள்ளைகள் எல்லாம் வீறிட்டன. என் தோளில் கிடந்த ஒன்றரை வயதுப் பிள்ளை மட்டும் தூக்கம் கலையாமல் கிடந்தாள். பக்கத்தில் நின்ற நாத்தனார் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

எங்களுக்குத் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்தில் ஒரு கிராமம். பனையும் செம்மண் தேரியும் சூழ்ந்த ஊர். தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். இருந்தும், பிள்ளைக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் ஊர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏட்டி, கிரகணத்தன்னைக்கு வெளிய போனியா?" அடுத்த கேள்வி, "ரெண்டு குடும்பத்துலயும் யாராவது சாபம் கீபம் வாங்கியிருக்காவளா?" தினமும் வேதம் வாசிக்கிற வீடுகளில்தான் இதைக் கேட்டார்கள்.

நான் கட்டியது சொந்த அத்தை மகனை. டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஒரே குடும்பத்து ரத்தம் என்றால், மறைந்திருக்கிற ஒரே மரபணு தாய், தகப்பன் இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். அவர்கள் இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். இரண்டு பக்கமிருந்தும் அது பிள்ளைக்கு வந்து சேர்ந்தால் பிள்ளைக்குக் கேட்காமல் போகலாம். எல்லாச் சொந்தக் கல்யாணத்திலும் இப்படி ஆவதில்லை, வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். எனக்கு இது புரிந்தது. ஆனால் வீட்டில் போய்ச் சொன்னபோது, "அதத்தான் நாங்க சாபம்ங்கோம்" என்று முடித்துவிட்டார்கள்.

அப்புறம் சுகமளிக்கும் கூட்டங்கள் தொடங்கின. எங்கே பந்தல் போட்டார்கள் என்று கேள்விப்பட்டாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். ஜெப எண்ணெய் வாங்கிக் காதில் தடவுவேன். வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம். புதுவருஷ நள்ளிரவு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் "கேட்கும்", "திறக்கும்" என்று ஏதாவது வந்துவிட்டால் அந்த வருஷம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டு கிடப்பேன். என் கல்யாணக் கம்மலைக் காட்டி, "ஆண்டவரே, இவளுக்குக் காது கேட்டால் இது உமக்கு" என்று பொருத்தனை பண்ணினேன்.

ஒரு கூட்டத்தில் பிள்ளையை மேடைக்கு ஏற்றினார்கள். ஊழியக்காரர் அவள் காதில் விரலை வைத்து மைக்கில் "எப்பத்தா!" என்று முழங்கினார். செவிடனைச் சுகமாக்கியபோது இயேசு சொன்ன சொல் அது, "திறக்கப்படுவாயாக" என்று பொருள். பிறகு அவள் பின்னால் நின்று ஓங்கிக் கைதட்டினார். அவள் திரும்பிப் பார்த்தாள். பலகை மேடை, அதிர்வு காலில் தெரிந்திருக்கும். எதிரே ஆயிரம் பேர் அவள் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளைதான் திரும்பாது? பந்தலே அல்லேலூயா என்று எழும்பியது. மகள் பயந்து போய் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் போய், இன்னும் கேட்கவில்லை என்று சொன்னதற்கு, "உங்களுக்குள்ள ஏதோ ஒரு தடை இருக்கு சிஸ்டர், ஆராய்ஞ்சு பாருங்க" என்றார்கள்.

அந்தத் தடையைத் தேடித்தான் என் இளமை போயிற்று. யாரிடம் கோபப்பட்டேன், எந்த ஜெபத்தில் மனம் அலைந்தது, கடுகுவிதையளவு விசுவாசம்கூட இல்லாதவளா நான் என்று ராத்திரியெல்லாம் கணக்குப் பார்ப்பேன். ஜெபம் எனக்கு ஒரு பரீட்சை ஆகிவிட்டது. எழுதுகிறவள் நான், பெயிலாகிறவளும் நான், விலை கொடுக்கிறவள் மட்டும் என் மகள். கிறிஸ்தவளாகப் பிறந்து கிறிஸ்தவளாகவே வளர்ந்தவளுக்குள் இவ்வளவு அடிமைத்தனம் இருக்க முடியுமா என்று யாராவது கேட்டால், இருக்க முடியும், நான் இருந்தேன்.

பள்ளிக்கூட வயது வந்ததும் மகளைப் பாளையங்கோட்டையில் பள்ளி விடுதியில் சேர்த்தோம், பிறகு நாங்களும் அங்கே குடிவந்தோம். காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்குத் தென்மாவட்டங்களில் அந்த ஊரைப் போல இன்னொன்று கிடையாது. ஆஸ்க்வித் அம்மையார் கண் தெரியாத பிள்ளைகளுக்கு 1890இல் பள்ளி தொடங்கினார். அதற்குச் சில வருஷம் கழித்து ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குத் தொடங்கினார். அந்தப் பிள்ளைகளை வீட்டு மூலையில் உட்காரவைத்திருந்த காலம் அது. எங்கிருந்தோ கப்பலேறி வந்து, "நீ யார் செய்த பாவம்?" என்று கேட்காமல் "வா, உட்கார், எழுது" என்று சொன்ன பெண்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். என் மகள் பலகையில் தன் பேரை எழுதிக் காட்டிய நாளை எந்த அற்புதக் கூட்டத்தின் சாட்சிக்கும் குறைவாக நான் எண்ணவில்லை.

ஆனாலும் மனசுக்குள் பரீட்சை நடந்துகொண்டேதான் இருந்தது. அது நின்றது எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்து வேதபாட மத்தியானம் ஒன்றில். மாற்கு 7ஆம் அதிகாரம். கொன்னைவாயுடைய செவிடனை இயேசுவிடம் கொண்டுவருகிற இடம். எனக்கு மனப்பாடம் ஆகிப்போன பகுதி, என் முறை வந்ததும் சத்தமாக வாசித்தேன். "அவனை ஜனக்கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துக்கொண்டுபோய்..." அந்த வரிக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

எத்தனை பந்தலில், எத்தனை மைக்கில் இந்த அதிகாரத்தைக் கேட்டிருக்கிறேன்! ஒருவராவது இந்த வரியில் நின்றதில்லை. இயேசு அந்த மனுஷனை மேடையேற்றவில்லை. கூட்டத்தின் கண்ணிலிருந்து அவனை மறைத்துக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு அவர் செய்ததைப் பாருங்கள். அவன் காதுகளில் விரல்களை வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார். ஒவ்வொன்றும் காது கேளாத ஒருவன் கண்ணால் பார்த்தும், தொட்டு உணர்ந்தும் புரிந்துகொள்ளக்கூடியது. வாய் திறந்து ஒரு சொல் சொல்லும் முன்பே அவனுக்குப் புரிகிற பாஷையில் அவனோடு பேசி முடித்துவிட்டார். அவனுக்கு விசுவாசம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கிடையாது. கூட்டிவந்தவர்களுக்குள் என்ன தடை என்று கேட்கவும் இல்லை.

யோவான் 9ஆம் அதிகாரத்தை அன்று ராத்திரி திரும்ப எடுத்தேன். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்கிறார்கள், இது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா? எங்கள் ஊர் கேட்ட அதே கேள்வி. "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." சின்ன வயசிலிருந்து தெரிந்த வசனம்தான். என்னை விடுவித்தது அன்றைக்குத்தான். அழுதேன், வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன், அவரும் அழுதார். அவருக்குள்ளும் அந்தப் பாரம் இருந்திருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சுகம் தருகிற ஆண்டவரை நான் மறுக்கவில்லை. இன்றைக்கும் வியாதியஸ்தருக்காக ஜெபிக்கிறேன், சுகம் கிடைத்தால் ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஆனால் ஒரு பிள்ளையின் காதை வைத்து ஒரு தாயின் விசுவாசத்தை அளக்கிற உபதேசம் எங்கே நடந்தாலும், அது கிறிஸ்துவினுடையதில்லை என்று எழுந்து நின்று சொல்வேன். "கிறிஸ்து நமக்கு உண்டாக்கின சுயாதீன நிலைமையிலே நிலைகொண்டிருங்கள்" என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது என்னைப் போன்றவர்களுக்குத்தான். மறுபடியும் நுகத்துக்குள் போய்த் தலையைக் கொடுக்காதே என்று சொல்கிறார்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகையில் கல்யாணக் கம்மலைக் காணிக்கையாகப் போட்டேன். "காது கேட்கலியே, பொருத்தனை நிறைவேறலியே, எதுக்குப் போட்ட?" என்று மாமியார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. "இது பொருத்தனை இல்ல அத்தை, சும்மா குடுத்தேன்" என்றேன். சும்மா கொடுப்பதில் எவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று அதுவரை நான் அறியவே இல்லை.

பிள்ளை தன் விசுவாசத்தைத் தானே சபை முன் அறிக்கையிட்டு நற்கருணையில் சேர்கிற சடங்குக்குத் திடப்படுத்தல் என்று பேர். மகளுக்கு அந்த வயது வந்தபோது இன்னொரு முடிச்சு. சபையில் ஒரு பெரியவர், கெட்ட எண்ணத்தோடு இல்லை, "விசுவாசம் கேள்வியினாலே வரும்னுல்லா வேதம் சொல்லுது, கேக்காத பிள்ளைக்கு எப்படி?" என்றார். ரோமர் 10:17, கேள்வி என்றால் அங்கே காதால் கேட்பது. எங்கள் சபைப் போதகர் ஐயர் சிரித்துக்கொண்டே, "அடுத்த வசனத்தையும் வாசிங்க" என்றார். 18ஆம் வசனத்தில் பவுல் 19ஆம் சங்கீதத்தை எடுத்துச் சொல்கிறார், "அவைகளின் சத்தம் பூமியெங்கும்" என்று. அந்தச் சங்கீதத்தைப் புரட்டினால் அதற்கு முந்தின வரி, வானங்களைப் பற்றியது: "அவைகளுக்குப் பேச்சுமில்லை, வார்த்தையுமில்லை, அவைகளின் சத்தம் கேட்கப்படுவதுமில்லை." அதாவது, கேள்வியைப் பற்றிப் பேசிய கையோடு, காதுக்கு எட்டாத ஒரு பிரசங்கத்தைத்தான் பவுல் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். பெரியவர் வெகுநேரம் வேதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே மகளுக்கு ஒரு புது வேதாகமம் வாங்கிக் கொடுத்தார்.

திடப்படுத்தலுக்குக் காது எதற்கு? பேராயர் தலையில் கை வைக்கிறார். அப்பம் கையில் வருகிறது, திராட்சரசம் உதட்டில் படுகிறது. ஞானஸ்நானத் தண்ணீரைக் கண்ணால் காணும் வசனம் போன்றது என்று பரிசுத்த அகுஸ்தீன் எப்போதோ எழுதிவைத்தார். பாரிஸில் 1760 வாக்கில் காது கேளாதோருக்குப் பள்ளி வைத்த லெப்பே என்ற குருவானவர், காது கேளாத இரண்டு சகோதரிகள் ஞானோபதேசம் பெறாமலே போய்விடக் கூடாதே என்ற தவிப்பில்தான் கையால் கற்பிக்கத் தொடங்கினார். இதையெல்லாம் மகளுக்காகத் தேடிப் படித்தபோது, எனக்கு முன்னால் எத்தனை பேர் இந்த வழியில் நடந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

காதுகேளாதோர் ஆராதனைக்கு முதன்முதலில் போனது அதற்குப் பிறகுதான். கர்த்தருடைய ஜெபத்தை எல்லாரும் கைகளால் சொன்னார்கள். இயேசு என்பதற்கு, நடுவிரலால் மாறி மாறி இரண்டு உள்ளங்கைகளையும் தொட்டார்கள், ஆணி பாய்ந்த இடத்தை. நான் கண்ணைத் திறந்துகொண்டு என் மகளைப் பார்த்தேன். "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற இடத்தில் அவள் முகம் இருந்த இருப்பை என்னால் எழுத முடியாது. அவளுக்காக அத்தனை வருஷம் ஜெபித்திருக்கிறேன், அவள் ஜெபிப்பதை அன்றுதான் பார்த்தேன். அவளுக்கும் அவருக்கும் நடுவே ஏற்கெனவே பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் திறந்துவிட வேண்டிய கதவு எதுவும் அங்கே இருக்கவில்லை.

அதன்பின் சைகை படித்தேன். நாற்பதை நெருங்கும் வயதில் விரல் வளையச் சிரமம்தான். எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் இப்போது யாரும் கண்ணை மூடுவதில்லை. மூடினால் அவளுக்கு ஜெபம் போய்விடும். விளக்கை எல்லாம் எரியவிட்டு, வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஜெபிக்கிறோம். பக்கத்தில் இருக்கிறவரின் கண்ணீர் தெரியும், சிரிப்பும் தெரியும். ஆரம்பத்தில் எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது கண்ணை மூடி ஜெபிக்கிற இடங்களில் ஏதோ ஒன்று குறைகிறது. அவள் கல்யாணமாகி மதுரைக்குப் போன பிறகும் விட்டுவிடவில்லை. அவள் டிடிபி வேலைக்குக் கிளம்பும் முன்பு வீடியோ காலில் ஜெபிக்கிறோம். காது கேட்க வேண்டும் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் கேட்பது எல்லாம் வீட்டு வாடகை, கணவரின் வேலை, பள்ளிக்கூடத்தோழி ஒருத்தியின் ஆபரேஷன்.

இந்தப் பெரிய வெள்ளிக்கு எங்கள் கோயிலில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவதை அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். "தாகமாயிருக்கிறேன்." அவள் கையால் சொல்வாள், நான் பக்கத்தில் நின்று சபைக்கு வாயால் சொல்ல வேண்டும். ஒரு வாரமாக எங்களுக்குள் ஒத்திகை நடக்கிறது. அவள் தன் பள்ளி விடுதியில், ராத்திரி தண்ணீர் கேட்கத் தெரியாமல் படுத்திருந்த முதல் வருஷத்தைப் பற்றிச் சொல்கிறாள். நான் இடையில், "ஆனாலும் கர்த்தர் அதிலிருந்து" என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டேன். திரையில் அவள் கையை நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினாள். அம்மா, அவர் தாகமாயிருக்கிறேன் என்றுதான் சொன்னார், நானும் அவ்வளவுதான் சொல்கிறேன், நீயாக எதையும் சேர்க்காதே என்றாள். சரி என்று அந்த வரியை அடித்துவிட்டேன். நாளைக்கு மறுபடியும் முதலிலிருந்து ஒத்திகை.