கடுகும் ஏழாம் இலக்கமும்

பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூன்று தரம் போன் எடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து றக்பிக்காரர் ஒருவரின் முகம். மலர்க்குழு மன்னிக்க வேண்டும்.

காலைப் பிரார்த்தனைக்கு உயரப்படி வரிசை விடும்போது முன்னுக்கு நிற்பவன் நான்தான், அந்த இடத்துக்கு ஒரு வருடமும் போட்டி இருந்ததில்லை. பட்டம் ‘கடுகு’. உதைபந்தாட்ட அணிக்குப் பெயர் கொடுக்கப் போன அன்று மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “காத்தடிச்சா நீயும் பந்தோட பறந்திடுவாயடா, வெளியில நின்று பந்தைப் பொறுக்கிப் போடு” என்றார். கோல் கம்பத்துக்குப் பின்னால் வடலிக்குள் விழுந்த பந்துகளைப் பொறுக்கியே ஓ.எல். பரீட்சை வரை வந்துவிட்டேன்.

லீட்ஸுக்கு வந்து பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. அங்குள்ள ஹெடிங்லி மைதானம் என்றால் நமக்குக் கிரிக்கெட்தானே. அங்கே கிரிக்கெட் மைதானத்துக்கும் றக்பி மைதானத்துக்கும் நடுவில் ஒரே அரங்குதான், ஒரு பக்கம் இருந்தால் கிரிக்கெட், மறுபக்கம் இருந்தால் றக்பி. கூட வேலை செய்த யோர்க்‌ஷயர்க்காரர் என்னை மறுபக்கம் இழுத்துப் போனார். இது 15 பேர் ஆடும் யூனியன் வகை றக்பி இல்லை, 13 பேர் ஆடும் லீக் வகை, ஆட வரும் தொழிலாளிக்கு இழந்த கூலியைக் கொடுக்க வேண்டும் என்று வடபகுதிக் கழகங்கள் 1895 இல் ஹடர்ஸ்பீல்டில் கூடிப் பிரிந்துபோன ஆட்டம் என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே போக, எனக்குக் காது அங்கே இல்லை. மலைபோல நின்ற ஆட்களுக்கு நடுவில் ஒரு பெடியன் ஓடிக்கொண்டிருந்தான். யாரோ ஒருவருடைய பிள்ளை தவறி உள்ளே வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அதுதான் றொப் பரோ. 1982 இல் பொன்ரிஃபிராக்டில் பிறந்தவர். இந்த உடம்பை வைத்து லீக் ஆட முடியாது என்று அவரிடமும் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்களாம். அவர் பந்து பொறுக்கப் போகவில்லை. 2001 முதல் 2017 வரை லீட்ஸ் ரைனோஸ் கழகம் ஒன்றுக்காகவே 492 ஆட்டங்கள், லீக் றக்பியின் உச்சப் போட்டியான சூப்பர் லீக்கில் எட்டுப் பட்டங்கள்.

2011 சூப்பர் லீக் இறுதியாட்டத்தை ஷெட்டில் சின்ன டிவியில் பார்த்தேன். எதிரணி சென்ற் ஹெலன்ஸ். மாற்று வீரராக வந்த மனுசன் பந்தை எடுத்தார், பிடிக்க வந்தவனின் கைக்குக் கீழால் குனிந்து போனார், அடுத்தவனை வளைந்து தாண்டினார், கடைசியாக நின்றவனுக்கு ஒரு பக்கம் காட்டி மறுபக்கத்தால் போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தி ட்ரை வைத்தார், றக்பியில் அதுதான் கோல் மாதிரி. குனியத் தேவையான உயரம் அவரிடம் மட்டும்தான் இருந்தது என்பது என் கணிப்பு. காசு கொடுக்க நின்ற வாடிக்கையாளரும் நானும் சேர்ந்து கத்தினோம். 32-16, லீட்ஸுக்கு வெற்றி. ஆட்ட நாயகனுக்கான ஹரி சன்டர்லாண்ட் கிண்ணமும் அவருக்கே.

2019 டிசம்பரில் மோட்டார் நியூரோன் நோய் என்று செய்தி. மூளை சொல்வதைத் தசைக்குக் கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாய்ச் செத்துப்போகிற வியாதி. கால் போய், கை போய், பேச்சும் போய், கடைசியில் கண்ணை அசைத்துக் கணினியால் பேசினார். மூன்று சின்னப் பிள்ளைகள். அப்போது அவருடைய பழைய அணித்தலைவர் கெவின் சின்பீல்ட் அந்த நோய்க்காக நிதி திரட்ட ஓட வெளிக்கிட்டார். 2020 இல் ஏழு நாளில் ஏழு மரதன், 77,777 பவுண் சேர்ப்பதுதான் எண்ணம், வந்து விழுந்ததோ பத்து லட்சத்துக்கும் மேல். பரோவின் சட்டை இலக்கம் 7, அதனால்தான் எல்லாம் ஏழு.

2023 மே மாதம் லீட்ஸ் மரதன். சின்பீல்ட் அவரை வண்டியில் வைத்து 26 மைலும் தள்ளி வந்தார். முடிவுக் கோட்டுக்குச் சில அடி இருக்கும்போது நிறுத்தி, பெல்டைக் கழற்றி, கழுத்துக்குக் கீழே ஒரு கையும் முழங்காலுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்துத் தூக்கிக்கொண்டு கோட்டைக் கடந்தார். என் பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் தொப்பியைச் சரிசெய்வதுபோல் கண்ணைத் துடைத்தார்.

2024 ஜூன் 2 இல் பரோ போய்விட்டார். அவர் பெயரில் லீட்ஸில் அமையவிருந்த சிகிச்சை நிலையத்துக்கு மறுநாளே மண் வெட்டினார்கள்.

எங்கள் மாஸ்டர் இப்போது கனடாவில். போன மாதம் அந்த 2011 ஓட்டத்தின் வீடியோவை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தும் இரண்டு நாளாகப் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரே வரி வந்தது: “எத்தனை அடியடா இவன்?”

ஐந்தடி ஐந்து அங்குலம் சேர் என்று போட்டேன்.