கிராஃப்ட் போட்டதும் முறுக்கிக்கொண்ட விளக்குக்கூடு

விளக்குக்கூட்டின் வடிவம் திரையில் வந்துவிட்டது! இரு திசையிலும் முறுக்கி ஏறும் கம்பிகள், குறுக்கே வெட்டும் இடமெல்லாம் வைர வடிவக் கண்கள். கிராஸ்ஹாப்பரில் (ரைனோ என்ற 3டி மென்பொருளுக்குள், காம்போனென்ட் எனும் கட்டங்களை இணைத்து வடிவம் செய்யும் கருவி) எந்த பிளக்-இன்னும் சேர்க்காமல் செய்தது என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

ஒன்றன்மேல் ஒன்றாக 12 வட்டங்கள், வளைவைச் சமமாகப் பிரிக்கும் டிவைட் கர்வில் வட்டத்துக்கு 24 புள்ளிகள். ஒவ்வொரு வட்டத்தின் புள்ளிகளும் ஒரு தனிக் கிளை, அதாவது தனிப் பட்டியல். இதை அப்படியே, கிடைவரிசையை நெடுவரிசையாக்கும் ஃப்ளிப் மேட்ரிக்ஸில் கொடுத்தால் 24 கிளை, கிளைக்கு 12 என்று புரளும். புள்ளிகள் வழியே வளைவு வரையும் இன்டர்பொலேட் அவற்றை நேர்க்கம்பிகளாகக் கோத்துவிடும். அதுவரை எல்லாரும் செய்வதுதான். முறுக்கு வேண்டுமென்றால் புரட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு வட்டத்தின் வரிசையும் கீழே உள்ளதைவிட ஒரு புள்ளி கூடுதலாக நகர வேண்டும். அடி வட்டத்துக்கு 0, உச்சிக்கு 11.

மாலைகளைத் தின்றது இந்த இடம்தான். எண் வரிசை தரும் சீரிஸிலிருந்து 0 முதல் 11 வரை எடுத்து, பட்டியலை நகர்த்தும் ஷிஃப்ட் லிஸ்டில் செருகினால், வட்டத்துக்கு ஒரு எண் என்று அது பிரித்துக்கொள்வதில்லை. எண்கள் எல்லாம் ஒரே கிளையில் இருப்பதால், ஒவ்வொரு வட்டத்தையும் பன்னிரண்டு விதமாகவும் நகர்த்துகிறது. 144 பட்டியல், 3,456 புள்ளி, திரை முழுக்கச் சிக்கு விழுந்த நூல்கண்டு. எந்தக் காம்போனென்ட்டும் பிழை என்று சிவக்கவில்லை, எச்சரிக்கையாக ஆரஞ்சாகவும் மாறவில்லை. அதன் கணக்கில் எல்லாம் சரி!

சீரிஸின் வெளியீட்டில் வலது கிளிக், ஒவ்வொன்றையும் தனிக் கிளையாக்கும் கிராஃப்ட். அவ்வளவுதான். 12 எண்ணும் 12 கிளையாகப் பிரிந்து வட்டங்களோடு ஒன்றுக்கொன்று சேர்ந்தன. இங்கே கிளைகளின் பாதைப் பெயர் ஒத்துப்போக வேண்டியதில்லை, வரிசை ஒத்தால் போதும். பட்டியல்களை ஒன்றாக்கும் மெர்ஜ்தான் பெயர் பார்க்கும். அதற்கு முன் பாதைப் பெயரைச் சுருக்கும் சிம்ப்ளிஃபை போடுங்கள். சிக்கினால், எல்லாக் கிளைகளையும் ஒரே பட்டியலாக்கும் ஃப்ளாட்டன் போடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. எந்தப் புள்ளி எந்த வட்டத்தினுடையது என்பதே அதோடு தொலைந்துவிடும். அதற்குப் பதில் கிளைகளைக் காட்டும் பாராம் வியூவர் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு படியிலும் கிளைகளை எண்ணுங்கள்.

எதிர்த்திசைக் கம்பிகளுக்கு அதே எண்களை நெகட்டிவாக்கினால் போதும். பக்கவாட்டில் திறப்பு வைக்க வட்டத்தை வெட்டினால் மட்டும் கவனம்: திறந்த வளைவை 24 ஆகப் பிரித்தால் 25 புள்ளி வரும், ஷிஃப்ட் லிஸ்டின் ராப் (கடைசியில் விழுவதை மறுமுனையில் சேர்ப்பது) கம்பியைத் திறப்புக்குக் குறுக்கே இழுத்துவிடும்.

உயரம் 22 செ.மீ., அகன்ற இடத்தில் ஆரம் 7. மொத்த முறுக்கு 165 டிகிரி என்பதால் அங்கே கம்பி செங்குத்திலிருந்து 42 டிகிரி போலச் சாய்கிறது. 45-க்குள் அடங்குவதால் சப்போர்ட் (தாங்கு அமைப்பு) இல்லாமலே 3டி பிரிண்டரில் அச்சிடலாம் என்று நம்புகிறேன். அச்சிடும் பிளாஸ்டிக்கான பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகும், ஆகவே எல்இடி பல்பு மட்டுமே.

அதற்குள் மனம் அடுத்ததற்குப் போய்விட்டது. வைரக் கண்களை நான்கு புள்ளிக் கிளைகளாக்கி, எண் போட்டு, அட்டையில் வெட்டி உள்ளே ஒட்டலாம். சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அட்டை எல்லா கனத்திலும் கிடைக்கும். ஒளி கசியும் அளவு மெல்லியதாக ஒன்று பார்க்க வேண்டும். ஹோல்டர் உட்காரும் மேல்வளையத்தை இன்னும் வரையவில்லை.